கட்டுமரமும் ஒண்டிக்கட்டையும்

அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. இருந்தாலும் அது அடிக்கும்வரை படுத்திருக்கிறேன். அடித்ததும் நிறுத்துகிறேன். பல் தேய்க்கிறேன். பாலை அடுப்பில் வைத்து, பொங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். காபியை நின்றபடியே குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். காலரும் முன்பக்கமும் மட்டும். முதுகை யாரும் பார்ப்பதில்லை. குப்பைப் பையின் வாயைக் கட்டி எடுத்துக்கொண்டு படியிறங்குகிறேன். நான் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில், டிசைன் பிரிவில். குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

அந்தச் சனிக்கிழமையும் குப்பைப் பை வரைக்கும் எல்லாம் அப்படியேதான் நடந்தது. கீழே மாமாவின் கார் நின்றது. மாமா என்றால் என் மனைவியின் அப்பா. முன் இருக்கையில் அத்தை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“காபி குடிச்சீங்களா மாப்ளே?”

“குடிச்சாச்சு அத்தை.”

“வெறுங்காபியா?”

“ஆமா.”

“சரி.”

முன்பெல்லாம் இந்தச் ‘சரி’யோடு நிற்க மாட்டார். ஒரு டிபன் டப்பாவாவது பின் இருக்கைக்கு நீளும்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது படகு வாடகைக்கு விடும் கம்பெனியின் அலுவலகத்துக்கு. தீவுகளுக்கு நடுவே ஒரு வாரம் பாய்மரப் படகில் சுற்றுவதற்காக என் மனைவி செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. படகை ஓட்டப் போவது அவளே. விடுமுறை நாட்களில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். அன்றிலிருந்து மாமா அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார். அவள் பல் டாக்டர். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தானே பேசிக்கொண்டிருப்பது அவள் தொழில். வீட்டிலும் நிலைமை அதுதான்.

கிளம்புவதற்கு முன்பே இறந்துவிட்டாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். வலி தெரிந்திருக்காது என்றும் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

படகு கம்பெனிக்காரர்கள் தேதியைத் தள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். படகு ஓட்ட அவர்களே ஓர் ஆளை அனுப்புவார்களாம். நான் போகலாம் என்றேன். மாமாவும் அத்தையும் முதலில் சரி என்றார்கள். போன வாரம் மாமா போன் செய்தார். “நாங்க வரல மாப்ளே. எங்க பேரை எடுத்துடலாம். நீங்க போயிட்டு வாங்க. போன்ல சொன்னா மரியாதையா இருக்காது, நாங்களும் நேர்ல வரோம்.”

காரணம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரர்கள் கூடியிருந்தபோது, கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று யாரோ கேட்டார்கள். என்னைக் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார்கள். அத்தையின் தங்கை, “அம்மா அப்பாவைப் பாத்துக்கோன்னுதான் சொல்லியிருப்பா. வேற என்ன சொல்லுவா அந்தப் பிள்ளை” என்று அழுதார். சாயங்காலத்துக்குள் ‘சொல்லியிருப்பா’ என்பது ‘சொன்னா’ ஆகிவிட்டது. மறுநாள் வந்தவர்களெல்லாம் என் தோளைத் தட்டி, அவள் கேட்டுக்கொண்டபடி அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கிளம்பி, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அத்தை பேசியது கேட்டது. “சாகப் போறவ சொன்ன வார்த்தைக்காக ஒரு சின்ன வயசுப் பிள்ளை எத்தனை நாளைக்கு நம்மளைச் சுமக்கிறது? நாமளா விட்டுடணும்.”

அவர்கள் என்னை விடுவிக்கத்தான் பெயரை எடுக்கிறார்கள். பெயரை எடுத்துவிட்டால் படகு இல்லை. படகு இல்லையென்றால் கொஞ்ச நாளில் ஞாயிற்றுக்கிழமையும் இருக்காது. முதலில் வேலை என்று ஒரு வாரம் போகாமல் விடுவேன். பிறகு ஜலதோஷம். பிறகு போன். மகள் இல்லாத வீட்டில் மாப்பிள்ளை என்பவன் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. அவர்கள் வர வேண்டும் என்றுதான் இருந்தது. அதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

வாடகைக்கு இரண்டு விதமான படகு உண்டு. ஒன்று, வழக்கமான ஒற்றை உடல் படகு. காற்று அடித்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு போகும். அடியில் கனமான தகடு இருப்பதால் கவிழாது. எதிர்க்காற்றில் நன்றாக ஏறும். உள்ளே அறைகளுக்கு ஏணியில் இறங்க வேண்டும். இன்னொன்று இரட்டை உடல் படகு. இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவில் அகலமான தளம். சாயாது. ஆழமில்லாத தண்ணீரிலும் மிதக்கும், கரைக்குப் பக்கத்திலேயே நிறுத்தலாம். இடம் தாராளம். வாடகையும் தாராளம்.

இரட்டை உடலுக்குக் கேட்டமரான் என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருந்தார்கள். அவள் அப்படிச் சொல்ல மறுத்துவிட்டாள். “நம்ம வார்த்தையை எடுத்துட்டுப் போய் கசக்கித் திருப்பிக் குடுத்திருக்காங்க. நான் எதுக்குக் கசங்குனதைச் சொல்லணும்?” என்று கட்டுமரம் என்றே சொன்னாள். அப்படியானால் ஒற்றை உடலுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “ஒரே ஒரு கட்டை. ஒண்டிக்கட்டை” என்றாள். எங்கள் வீட்டில் அதுதான் பெயர்.

அவளுக்கு ஒண்டிக்கட்டைதான் வேண்டும். சாயாத படகு படகே இல்லை, அது மிதக்கிற வரவேற்பறை என்பாள். எனக்குக் குமட்டும் என்பதால் நான் கட்டுமரம் கேட்டேன். ஓட்டுப் போட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு. மாமா எப்போதும் மகள் பக்கம். அத்தைக்கு முட்டி வலி. ஏணி இல்லாத கட்டுமரம்தான் அவருக்கு வசதி. அவர் என் பக்கம் வந்தால் சரிக்குச் சரி ஆகிவிடும்.

ஆனால் அத்தை அவள் பக்கம் போய்விட்டார். கட்டுமரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் மனதில் வந்தது மீன்பிடிக்கப் போகிற கட்டுமரம். நாலு கட்டை, ஒரு கயிறு.

“காசு குடுத்துக் கட்டுமரத்துல போறதா? துணியெல்லாம் நனைஞ்சிடுமே” என்றார்.

“ஆமாம்மா, நனையும்” என்றாள் அவள்.

“உக்காரவாவது முடியுமா?”

“குத்த வச்சு உக்காரலாம்.”

“வரும்போது மீன் பிடிச்சுட்டு வரச் சொல்லுவாங்களோ என்னவோ” என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஐயோ, எனக்கு ஒண்டிக்கட்டையே போதும்டி” என்றார் அத்தை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். “அம்மாகிட்ட சொல்லிடாத. அவ ஓட்டு இங்கயே இருக்கட்டும்.” நான் சொல்லவில்லை. ஒண்டிக்கட்டை பதிவாயிற்று.

அவள் போன பிறகு அந்தச் சொல்லை யாரும் என் முன்னால் சொல்வதில்லை. மனைவி இல்லாதவனுக்கும் அதே பெயர்தானே. மாமா ‘அந்த இன்னொண்ணு’ என்பார். அத்தை ‘முதல்ல சொன்னது’ என்பார்.

அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. குறுகலான படி. அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். மாமா பின்னால், விழுந்தால் பிடிப்பதற்குத் தயாராக, கைகளைப் பாதி நீட்டியபடி ஏறினார். நான் அவருக்குப் பின்னால்.

உள்ளே ஏசி குளிர் அதிகமாக இருந்தது. சுவரில் கடல் படங்கள். ஒன்று கோணலாக மாட்டியிருந்தது. மூலையில் பிளாஸ்டிக் செடி, அதன் இலைகளில் நிஜத் தூசி. சுவரோரமாக ஒரு கண்ணாடிப் பெட்டியில் இரண்டு மாதிரிப் படகுகள் இருந்தன. டையைத் தளர்த்திவிட்டிருந்த மேனேஜர் எழுந்து நின்றார்.

“வாங்க சார். வாங்கம்மா, உக்காருங்க. மேடம் விஷயம் கேள்விப்பட்டேன். என்ன சொல்றதுன்னே தெரியல.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம் தம்பி” என்றார் மாமா. “வேலையைப் பாருங்க.”

மேனேஜர் நிம்மதியடைந்த மாதிரி தெரிந்தது. கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். “அந்த வாரத்துக்கு ரெண்டு படகு காலியா இருக்கு சார். ஒண்ணு கட்டுமரம். இன்னொண்ணு மேடம் புக் பண்ணியிருந்த அதே ஒண்டிக்கட்டை...”

நாக்கைக் கடித்துக்கொண்டார். மாமா ஏசியைப் பார்த்தார். அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

“மன்னிச்சுக்கங்க சார். மேடம் வச்ச பேரு. ஆபீஸ்ல எல்லாரும் அப்படியே சொல்லிப் பழகிட்டோம். கஸ்டமர்கிட்டகூட வாய் தவறி வந்துடுது.”

“பரவாயில்ல. சொல்லுங்க” என்றேன்.

மாமா தொண்டையைச் செருமினார். “விஷயம் என்னன்னா தம்பி, நாங்க ரெண்டு பேரும் வரல. எங்க பேரை எடுத்துடுங்க. மாப்ளை மட்டும் போவார்.”

“ஓ. அப்ப சார் ஒருத்தருக்கு இவ்வளவு பெரிய படகு தேவைப்படாதே. வேற சின்னது இருக்கான்னு பாக்கட்டுமா சார்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேசையைப் பார்த்தேன். கண்ணாடி ஒட்டிய மேசை. என் முகமும் மாமாவின் கையும் அதில் தெரிந்தன. பேச வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்தது. வாய் திறக்கவில்லை.

அத்தை அங்கே உட்கார முடியாமல் எழுந்து கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போனார்.

“இது என்ன தம்பி, கப்பலா?”

“அதுதான்மா கட்டுமரம்.”

“எது?”

“நீங்க பாக்கறீங்களே, அதுதான்.”

அத்தை குனிந்தார். கண்ணாடியில் மூச்சுப் படிந்தது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இதுல கட்டை எங்க?”

“கட்டையெல்லாம் இல்லம்மா. ரெண்டு உடம்பு, நடுவுல தளம்.”

“கயிறு?”

“பாய்க்கு மட்டும்தான்மா கயிறு.”

“சோபா மாதிரி என்னமோ இருக்கு.”

“சோபாதான்மா. சாப்பாட்டு மேசை, ஃபிரிட்ஜ், நாலு ரூம். ரூமுக்கு ஒரு பாத்ரூம்.”

“பாத்ரூமா?” அத்தை மெதுவாக நிமிர்ந்தார். “தண்ணி உள்ள வராதா?”

“வந்தா நாங்க கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்மா.”

அத்தை என் பக்கம் திரும்பினார். “மாப்ளே. இது இப்படித்தான் இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தை.”

“அவளுக்கு?”

“அவளுக்குத் தெரியாமலா.”

“பின்ன ஏன் என்கிட்ட சொல்லல?”

“உங்க ஓட்டு போயிடும்னு.”

அத்தை முட்டியைத் தடவிக்கொண்டார். “நான் அந்த ஏணிக்காக மாடிப்படியில தினம் ஏறி இறங்கிப் பழகினேன். முட்டி வலிக்குதுடின்னா, பயிற்சிம்மா பயிற்சின்னா. கைப்பிடியைப் பிடிக்காம ஏறுன்னா. ஏறினேனே.” மாமாவைப் பார்த்தார். “நீங்கதானே கீழ நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்க? உங்களுக்காவது தெரியுமா?”

மாமா டேபிளில் இருந்த பேனாவை எடுத்து மூடியைச் சரிபார்த்தார். “தெரியும்.”

“தெரியுமா?”

“கேப்டன் உத்தரவு.”

“மீன் பிடிச்சுட்டு வரச் சொல்லுவாங்கன்னு சொன்னீங்களே.”

“அதுவும் உத்தரவுதான்.”

அத்தை சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகிறது. முதலில் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “திருட்டுக் கழுதை” என்றார். “பெத்தவளையே ஏமாத்தி ஓட்டு வாங்கியிருக்கு.” மாமாவும் சிரித்தார். மேனேஜருக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கோணலாக இருந்த படத்தை எழுந்து நேராக்கினார்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“இவ்வளவு கள்ளத்தனம் பண்றவ” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு சொன்னார். “போற நேரத்துல அம்மா அப்பாவைப் பாத்துக்கோன்னு சொல்ற ஆளா அவ?”

மாமா பேனாவைக் கீழே வைத்தார். “மாப்ளே. அப்படிச் சொன்னாளா?”

“இல்ல மாமா.”

“பின்ன யார் சொன்னது?”

“சின்ன அத்தைதான் ‘சொல்லியிருப்பா’ன்னாங்க. அப்புறம் எல்லாரும் சொன்னாங்க.”

“நீங்க ஏன் இல்லன்னு சொல்லல?”

“என்னை யாரும் கேக்கல.”

“நான் டீ சொல்லிட்டு வரேன் சார்” என்று மேனேஜர் வெளியே போனார். போன் பக்கத்திலேயேதான் இருந்தது.

மாமா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. “அப்ப எங்களை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? அவ சொல்லிட்டாளேன்னு வரீங்கன்னுதான் நாங்க நினைச்சோம். ஞாயித்துக்கிழமை தவறாம எதுக்கு வரீங்க? நாங்க பேசறதுகூட இல்ல. டிவியைப் போட்டுட்டு உக்காந்திருக்கோம்.”

அவர்கள் காத்திருந்தார்கள்.

“வெளிய எல்லாரும் அவளைப் புகழ்றாங்க மாமா. ஆபீஸ்ல, பக்கத்து வீட்டுல, போன்ல. அவ தங்கம், அவ தெய்வம்னு. அது யாரைப் பத்தின பேச்சுன்னே எனக்குத் தெரியல. உங்க வீட்டுலதான் அவளைத் திட்டலாம்.”

அத்தை என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு நாள் திட்டவே இல்லையே” என்றார்.

“ஆமா. காத்துக்கிட்டிருந்தேன்.”

கீழே மருந்துக் கடையில் ஷட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது.

“நீங்க வரலைன்னா நான் போகல மாமா. ஒண்டிக்கட்டையா அங்க போய் என்ன பண்றது?”

நான்தான் சொன்னேன். அந்தச் சொல் வெளியே வந்து மேசை மேல் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. மாமா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

டீயோடு மேனேஜர் வந்தார். அத்தை ஒரு கோப்பையை எடுத்து முதலில் என் முன்னால் வைத்தார்.

“தம்பி, பேரை எடுக்க வேண்டாம். மூணு பேரும் வரோம். கட்டுமரத்தைப் போட்டுடுங்க.”

“கேப்டன் இன்னொண்ணைத்தானே கேட்டா” என்றார் மாமா.

“கேப்டன் தோத்துட்டா. ஓட்டை மாத்தியாச்சு. எனக்கு பாத்ரூம் இருக்கிற கட்டுமரம்தான் வேணும்.”

“ரெண்டுலயும் பாத்ரூம் உண்டும்மா” என்றார் மேனேஜர்.

“இருக்கட்டும். ஏணி இல்லாத பாத்ரூம்.”

கட்டுமரத்திலும் அறைகளுக்குச் சின்னதாகப் படி உண்டு. மேனேஜர் அதைச் சொல்ல வாயெடுத்தார். மாமா கண்ணைக் காட்டினார். மேனேஜர் டீயைக் குடித்தார்.

“சரிம்மா, கட்டுமரம். நாலு ரூம்ல ஒண்ணு கேப்டனுக்குப் போயிடும்.”

“யாருக்கு?”

“படகு ஓட்ட நாங்க அனுப்பற கேப்டனுக்கும்மா.”

“அந்த ஆளைக் கேப்டன்னெல்லாம் நான் கூப்பிட மாட்டேன். டிரைவர்னு வேணா கூப்பிடறேன்.”

“அவர் கோவிச்சுக்குவாரும்மா.”

“கோவிச்சுக்கிட்டு நடுக்கடல்ல எங்க இறங்கிப் போவாரு?”

மேனேஜர் இப்போது தைரியமாகச் சிரித்தார். கம்ப்யூட்டரில் ஒற்றை உடலை எடுத்துவிட்டு இரட்டை உடலைப் போட்டார். மாமா கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். போட்டேன்.

அத்தை படியிறங்க நேரம் பிடித்தது. பாதியில் நின்று, “கைப்பிடியைப் பிடிக்காம இறங்கச் சொன்ன கழுதை” என்றார். இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் திட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருந்தது.

“என்கிட்டயும் அப்படித்தான் அத்தை. எனக்குக் குமட்டும்னு தெரிஞ்சும், வாயில எலுமிச்சம்பழத்தை வச்சுக்கோன்னா. முழுசா. அப்பதான் பேச மாட்டேன்னு.”

“செய்வா, செய்வா” என்றார் அத்தை திருப்தியாக.

காரில் ஏறினோம். மாமா சாவியைப் போட்டார், திருப்பவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“மாப்ளே. அப்ப உண்மையிலேயே கடைசியா என்னதான் சொன்னா?”

அத்தை திரும்பவில்லை. ஆனால் கைப்பையின் ஜிப்பில் இருந்த விரல் நின்றுவிட்டது.

சொன்னேன். காலையில் இரண்டு பேருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. நான் குளிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அவள் கிளினிக்குக் கிளம்பிக் கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தாள். ஹேர்பின்னைப் பல்லில் கடித்திருந்தாள். பல் டாக்டர் செய்கிற வேலையா இது என்று நான் தினமும் கேட்பேன், அன்றைக்குக் கேட்கவில்லை. நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது தரையில் கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அதற்கு முன்னால், குளிக்கப் போக நான் குளியலறைக் கதவைத் திறந்தபோது, திரும்பாமல், பின்னை எடுக்காமலே சொன்னாள்:

“அந்த நீலத் துண்டு ஈரமா இருக்கு, வேற எடுத்துக்கோ.”